பாதி பூசிய மஞ்சள் ஜாடி: உங்களிடமும் உண்டா?

பிரான்ஸில் துலூஸ் நகருக்கு வந்த புதிதில் பழஞ்சாமான் சந்தையில் ஒரு ஜாடி பார்த்தேன். முழங்கை உயரம், தோளில் இரண்டு காது. மேல் பாதி கடுகுமஞ்சள் கிளேஸ் (பளபளப்புப் பூச்சு), கீழ்ப் பாதி வெறும் மண். ஒரே ஒரு மஞ்சள் சொட்டு மட்டும் எல்லை தாண்டி அடிவரை வழிந்து உறைந்திருந்தது. "பூச்சே முழுசா இல்லையே" என்று பேரம் பேசினேன். கடைக்கார அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அது கோன்ஃபி, அதாவது கொழுப்பில் வேகவைத்த வாத்துக்கறி, போட்டுவைக்கும் ஜாடியாம். கீழ்ப் பாதியை நிலவறைத் தரையில் புதைத்துவிடுவார்கள், குளுமைக்காக. புதையும் பாதிக்குப் பூச்சு எதற்கு? உள்பக்கம் மட்டும் பூசியிருக்கும், இல்லாவிட்டால் கொழுப்பை மண் குடித்துவிடும். உப்பில் ஊறிய கறியை வாத்தின் கொழுப்பிலேயே சிறுதீயில் மணிக்கணக்காக வேகவைத்து, ஜாடியில் அடுக்கி, மூழ்கும்வரை அதே கொழுப்பை ஊற்றுவார்கள். அது உறைந்து மூடிக்கொண்டால் காற்று புகாது. ஃபிரிட்ஜ் இல்லாத 19ஆம் நூற்றாண்டில் தென்மேற்கு பிரான்ஸின் காஸ்கோனி, பெரிகோர் பகுதிப் பண்ணை வீடுகளில் குளிர்காலத்துக் கறி மாசக்கணக்கில் கெடாமல் இருந்தது இப்படித்தான்.

வாங்கி வந்து ஜன்னலோரம் வைத்தேன். ஜூலை வெயிலில் ஜாடிக்கு வியர்த்துவிட்டது! வெறும் மண்ணில் பிசுபிசுப்பு, சிக்கு வாடை. கிளேஸில் முடிபோல ஓடிய விரிசல் வழியே எந்தக் காலத்திலோ இறங்கிய கொழுப்பு. எந்தப் பாட்டி சமைத்ததோ!

•

அண்ணா, அதில் சாப்பிடுகிற பொருள் எதையும் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்து மஞ்சள், பச்சை கிளேஸ் பெரும்பாலும் ஈயம் கலந்தது. பச்சை நிறத்துக்குச் செம்பும் சேர்ப்பார்கள். புளி, எலுமிச்சை, வினிகர் பட்டால் ஈயம் சாப்பாட்டில் இறங்கும். என்னுடையதில் காய்ந்த லாவெண்டர் கொத்துதான் நிற்கிறது. மாமியாருக்கு அதுவும் பொறுக்கவில்லை, குடையைச் செருகிவைக்கிறார்.

•

நான் ஏமாந்த கதை வேறு. "நூறு வருஷப் பண்ணை வீட்டுச் சாமான்" என்றார்கள், நம்பிவிட்டேன். வீட்டில் வைத்து நிதானமாகப் பார்த்தால் காதுகளின் உள்விளிம்பு கத்தி மாதிரி கூர்மை. வருஷக்கணக்கில் கைபட்ட காது அப்படியா இருக்கும்? அடிப்பாகமும் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். உங்களுடையதற்கு வியர்க்கிறது என்று அலுத்துக்கொள்கிறீர்களே அண்ணா, என்னுடையது மூன்று கோடையாக ஒரு சொட்டுக்கூட விடவில்லை.