புதுப்பிப்பு: கேடயத் தகடுகளை வெட்டும்போது ஓரப் பூச்சு உரிவது ஏன்?

அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள சப்ளிமேஷன் (வெப்பத்தால் மையைப் பூச்சில் ஏற்றும் அச்சு முறை) அலுமினியத் தகட்டைப் பரிசுக் கேடயங்களுக்கான சிறு பெயர்த் தகடுகளாக வெட்டும்போது, ஓரங்களில் வெள்ளைப் பூச்சு உரிவதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டதால் இங்கே பதிவு செய்கிறேன்.

பூச்சின் தரத்தில் குறையில்லை. எந்தப் பக்கத்தை மேலே வைத்து வெட்டுகிறோம் என்பதே விஷயம். ஷீரிங் மெஷினில் (இரு பிளேடுகளுக்கு இடையே தகட்டைக் கத்தரிக்கும் இயந்திரம்) மேல் பிளேடு இறங்கும்போது, மேசையில் தங்கும் துண்டின் அடிப்பக்கத்தில் பிசிறு, அதாவது வெட்டிய ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கூரான விளிம்பு, எழுகிறது. அறுந்து விழும் துண்டிலோ அது மேற்பக்கத்தில் எழுகிறது. நமக்கு வேண்டிய சிறு தகடு பெரும்பாலும் விழும் துண்டுதான் என்பதால், பூச்சு மேலே இருந்தால் பிசிறு அதைப் பிளந்துகொண்டே வெளிவரும். இப்போது பாதுகாப்புப் படலத்தை உரிக்காமல் பூச்சுப் பக்கத்தைக் கீழே திருப்பி வெட்டுகிறேன். பூச்சுள்ள முன்பக்க ஓரத்தை விரலால் தடவினால் மெல்லிய சரிவோடு வழுவழுப்பாக இருக்கிறது, கண்ணுக்கு மிகவும் நிறைவாகவும் இருக்கிறது. மேசையில் ஓர் உலோகத் துகள் கிடந்தாலும் படலத்தையும் மீறிக் கீறல் விழும் என்பதால், ஒவ்வொரு வெட்டுக்கு முன்பும் துடைப்பது கட்டாயம்.

பிளேடுகளுக்கு இடையிலான இடைவெளி, தகட்டின் தடிமனில் 5 முதல் 10 சதவீதம், அதாவது 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை இருந்தால் போதும். அது கூடினாலோ பிளேடு மழுங்கினாலோ எந்தப் பக்கம் வைத்தாலும் ஓரம் மடங்கிவிடும்.

வெட்டுவதற்குக் கார்பன்-டை-ஆக்சைடு லேசரைச் சிலர் பரிந்துரைத்திருந்தீர்கள். அலுமினியம் அந்தக் கதிரைப் பெரிதும் பிரதிபலிப்பதால், சிறு கடைகளில் உள்ள இயந்திரங்கள் இதற்கு உதவா.

பின்பக்கப் பிசிறை நுண்பல் அரத்தால் ஒரே திசையில் தேய்த்து நீக்கிவிட்டு, அச்சிடுவதற்குச் சற்று முன்புதான் படலத்தை உரிக்க வேண்டும்.