ஈமாக்ஸில் "ரிகர்சிவ் லோட்" எரர்: காரணமான வரியை நீக்கியும் போகவில்லை

கேள்வி

வணக்கம். இரண்டு நாளாக இதோடு போராடிக்கொண்டிருக்கிறேன். ஈமாக்ஸ் எடிட்டர் 29.3, உபுண்டு 24.04. திறந்தவுடன் "ரிகர்சிவ் லோட்" என்று ஒரு எரர் வந்து, இனிட் கோப்பு (தொடங்கும்போது ஓடும் அமைப்புக் கோப்பு) பாதியிலேயே நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே வைத்திருக்கும் தமிழ் எழுத்துரு, கீ அமைப்புகள் எதுவும் வருவதில்லை.

.ஈமாக்ஸ்.டி-க்குள் லிஸ்ப் என்று ஒரு ஃபோல்டர். அதில் பைத்தான்.இஎல் என்று நான் எழுதிய கோப்பு. அதன் முதல் வரியே "ரிக்வயர் பைத்தான்", அதாவது பைத்தான் மோட் இன்னும் ஏறவில்லை என்றால் ஏற்று என்பது. காரணம், அடுத்த வரிகளில் பைத்தான்-மோட்-மேப்பில் என் குறுக்குவிசைகளைச் சேர்க்கிறேன். அந்த மேப் முதலில் இருந்தாக வேண்டும். முன்பு இனிட் கோப்பில் லோட்-ஃபைல் என்று போட்டு முழுப் பாதையையும் கொடுத்திருந்தேன். ஒரு வருடம் ஒரு குறையும் இல்லை.

போன வாரம் தமிழ் மாதத் தேதியை எழுதித் தரும் இன்னொரு கோப்பையும் சேர்த்தேன். இரண்டுக்கும் பாதை எழுதுவானேன் என்று அந்த ஃபோல்டரை லோட்-பாத்தில் (ஈமாக்ஸ் கோப்புகளைத் தேடும் ஃபோல்டர் வரிசையில்) சேர்த்துவிட்டு, வெறும் "லோட் பைத்தான்" என்று மாற்றினேன். அன்றிலிருந்து இந்த எரர்.

கோப்பு தன்னையே கூப்பிடுகிறது என்பது புரிந்தது. அதனால் ரிக்வயர் வரியையே நீக்கினேன். அதே எரர். திரும்பப் போட்டு, ஃபீச்சர்-பி வைத்து "ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும் ஏற்று" என்று எழுதினேன். அதே எரர். கணினியை அணைத்துப் போட்டும் பார்த்தாயிற்று. அந்த வரியே இல்லாதபோது எது எதைக் கூப்பிடுகிறது? இனிட் கோப்பைப் படிக்காமலிருக்க மைனஸ் க்யூ போட்டுத் திறந்தால் மட்டும் சரியாக வருகிறது.

பதில்

உங்கள் இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று ரிக்வயர் செய்கின்றனவா? கோப்பு ஏறிவிட்டது என்று அறிவிக்கும் ப்ரொவைட் வரி வழக்கமாகக் கோப்பின் கடைசியில் இருக்கும். முதல் கோப்பு இரண்டாவதைக் கூப்பிட, இரண்டாவது திரும்ப முதலாவதைக் கூப்பிட்டால், அந்த நேரத்தில் முதலாவது இன்னும் ப்ரொவைட் வரை போயிருக்காது. அதனால் ஈமாக்ஸ் அதை மறுபடி ஏற்றப் போகும். அப்படியே சுற்றும்.

இரண்டுக்கும் பொதுவான ஃபங்ஷன்களை மூன்றாவது கோப்பு ஒன்றில் போட்டு, இரண்டும் அதை மட்டும் ரிக்வயர் செய்வதுதான் சுத்தமான வழி. கம்பைலர் எச்சரிக்கையைத் தவிர்ப்பதற்காக மட்டும் ரிக்வயர் போட்டிருந்தால் அது தேவையே இல்லை. அந்தப் பெயர்கள் வேறு கோப்பில் இருக்கின்றன என்று கம்பைலருக்குச் சொல்ல டிஃப்வாரும் டிக்ளேர்-ஃபங்ஷனும் போதும்.

கேட்டவர்

நன்றி. ஆனால் தேதிக் கோப்பில் ரிக்வயர் என்ற சொல்லே இல்லை. இரண்டு ஃபங்ஷன், ஒரு மாதப் பட்டியல், அவ்வளவுதான். அதை இனிட்டிலிருந்து நீக்கியும் பார்த்தேன், மாற்றமில்லை.

பதில்

தம்பி, "ரிகர்சிவ் லோட்" என்பதோடு அந்தச் செய்தி முடியாது. அதன் பிறகு கோப்புப் பெயர்கள் வரிசையாக இருக்கும். மெசேஜஸ் பஃபரிலிருந்து முழுவதையும் ஒரு எழுத்துகூட விடாமல் போடுங்கள்.

கேட்டவர்

இதோ அண்ணா. ஒரே பாதை ஐந்து முறை வருவதால் ஒருமுறை மட்டும் தருகிறேன்: .ஈமாக்ஸ்.டி/லிஸ்ப்/பைத்தான்.இஎல்சி. கடைசியாக இனிட்.இஎல்.

பதில்

முடிவில் "சி" இருக்கிறது, பாருங்கள். ஈமாக்ஸ் ஏற்றுவது நீங்கள் திருத்தும் பைத்தான்.இஎல்லை அல்ல; எப்போதோ பைட் கம்பைல் செய்த (வேகமாக ஓடும் வடிவத்துக்கு மாற்றி வைத்த) பழைய இஎல்சியை. பெயரை மட்டும் கொடுத்து லோட் செய்தால் இஎல்சிக்குத்தான் முதலிடம், அது பழசாக இருந்தாலும். "மூலக் கோப்பு புதியது, இருந்தாலும் பழையதையே எடுக்கிறேன்" என்று மெசேஜஸில் ஒரு வரி சொல்லியும் இருக்கும். நீங்கள் நீக்கிய ரிக்வயர் அந்த இஎல்சிக்குள் பத்திரமாக இருக்கிறது.

ஐந்து முறை வருவதற்கும் காரணம் உண்டு. ஏற்றம் முடியாமல் நிற்கும் கோப்புகளை ஈமாக்ஸ் ஒரு பட்டியலில் வைத்திருக்கும். ஒரே கோப்பு அதில் மூன்று முறை இருப்பதுவரை பொறுத்துக்கொள்ளும். நான்கு முறை இருக்கும்போது இன்னொரு தடவை கேட்டால் நிறுத்திவிடும். இதே வட்டத்தை நீங்கள் லோட்டுக்குப் பதில் ரிக்வயரில் தொடங்கியிருந்தால் செய்தியும் "ரிகர்சிவ் ரிக்வயர்" என்று வந்திருக்கும். முதல் தடவையே தடுக்காததற்குக் காரணம், ஓரளவு இப்படிச் சுற்றி வருவது நியாயமானது என்பதுதான். ஈமாக்ஸின் சி மூலத்தில் ரிக்வயர் பகுதியில் அப்படியே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதலில் அந்த இஎல்சியை அழியுங்கள். இனிட்டின் மேலே லோட்-ப்ரிஃபர்-நியூவரை டி (லிஸ்பில் "ஆம்") என்று வையுங்கள். இனி இரண்டில் புதியதையே எடுக்கும். அப்புறம் என்ன வருகிறது என்று சொல்லுங்கள். இது பாதி நோய்தான் என்று நினைக்கிறேன்.

கேட்டவர்

அழித்தேன். பழைய எரர் போய்விட்டது! இப்போது பைத்தான்-மோட்-மேப் என்ற வேரியபிளுக்கு மதிப்பே இல்லை என்கிறது. ரிக்வயரைத் திரும்பப் போட்டால் மறுபடி பழைய எரர், இந்த முறை முடிவில் "சி" இல்லாமல்.

பதில்

மீதிப் பாதி அந்தப் பெயர். ஈமாக்ஸோடு வரும் பைத்தான் மோட் இருக்கும் கோப்பின் பெயரும் பைத்தான்.இஎல்தான். லோட்-பாத்தில் ஆட்-டு-லிஸ்ட் செய்தால் உங்கள் ஃபோல்டர் வரிசையின் முன்னால் போய் நிற்கும். "ரிக்வயர் பைத்தான்" என்று நீங்கள் கேட்டது ஈமாக்ஸின் கோப்பை, கிடைத்தது உங்களுடையது. முன்பு அந்த ஃபோல்டர் லோட்-பாத்தில் இல்லை, அதனால் ஒரு வருடம் ஓடியது.

ஃபோல்டரைக் கடைசியில் சேர்த்தால் "லோட் பைத்தான்" ஈமாக்ஸின் கோப்பைத்தான் எடுக்கும், உங்களுடையது ஏறாது. ப்ரொவைட் வரியை மேலே கொண்டுபோகச் சிலர் சொல்வார்கள், அதைச் செய்யாதீர்கள். எரர் மறையும், ஆனால் உண்மையான பைத்தான் மோட் ஏறாமலேயே "ஏறிவிட்டது" என்று ஈமாக்ஸ் நம்பிவிடும்.

கோப்புக்கு என்-பைத்தான்.இஎல் என்று பெயர் மாற்றுங்கள். லோட், ப்ரொவைட் இரண்டிலும் அதே பெயர். உள்ளே ரிக்வயரை எடுத்துவிட்டு, குறுக்குவிசை வரிகளை வித்-ஈவல்-ஆஃப்டர்-லோட் பைத்தான் என்பதற்குள் வையுங்கள். பைத்தான் கோப்பை நீங்கள் திறக்கும்போதுதான் அவை ஓடும், ஈமாக்ஸும் சற்றுச் சீக்கிரம் திறக்கும்.

முடிந்ததும் எம்-எக்ஸ் லிஸ்ட்-லோட்-பாத்-ஷேடோஸ் ஓட்டிப் பாருங்கள். எந்தக் கோப்பு எதை மறைக்கிறது என்று பட்டியல் தரும்.

இன்னொருவர்

இதே செய்தியோடு வேறு காரணத்துக்காக யாராவது வந்தால் உதவும் என்று எழுதுகிறேன். எனக்கு வந்தது ஜேகேஏ-கம்ப்ர்.இஎல்.ஜிஇஸட் என்ற பெயரில். சுருக்கிய கோப்புகளைப் பிரித்துப் படிப்பதே அந்தக் கோப்பின் வேலை. இடம் மிச்சம் பிடிக்க நினைத்து, ஈமாக்ஸ் நிறுவிய இடத்தில் இருந்த இஎல்சிகளை எல்லாம் அழித்திருந்தேன். மிஞ்சியவை ஜிஇஸட் மட்டும். அதைப் பிரிக்க ஜேகேஏ-கம்ப்ர் வேண்டும், அதுவோ தானே சுருங்கிக் கிடக்கிறது. ஈமாக்ஸை மறுபடி நிறுவித்தான் தீர்ந்தது. உங்கள் சொந்த ஃபோல்டரில் இருக்கும் இஎல்சியை அழிக்கலாம், ஈமாக்ஸுடையதைத் தொடாதீர்கள்.

கேட்டவர்

பெயர் மாற்றியதும் எல்லாம் வந்துவிட்டது அண்ணா, எழுத்துரு உட்பட. மிக்க நன்றி. ஷேடோஸ் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. என் தேதிக் கோப்புக்கு நான் வைத்திருந்த பெயர் காலண்டர்.இஎல். அது ஈமாக்ஸின் காலண்டரை மறைத்துக்கொண்டிருந்தது. நான் காலண்டரைத் திறந்ததே இல்லை, அதனால் தெரியவில்லை.

பதில்

நல்லவேளை பார்த்தீர்கள். குறிப்பு, வேலைப் பட்டியல் எழுத உதவும் ஆர்க் மோட் ஏறும்போதே காலண்டரை ரிக்வயர் செய்யும். ஆர்க்கைத் திறக்கும் அன்று அங்கே மாட்டியிருப்பீர்கள். அதையும் என்-தேதி.இஎல் என்று மாற்றிவிடுங்கள். பழைய பெயரில் ஒரு இஎல்சி கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

கேட்டவர்

இருந்தது. அழித்துவிட்டேன்.