கிணற்று வாயில் கயிற்றுத் தழும்பு

குழு: மூத்தம்மா வீடு, திருகோணமலை

நான்: அஸ்ஸலாமு அலைக்கும். துனீசியாவில் கைரவான் ஊரின் பெரிய பள்ளிவாசலில் இருக்கிறேன். நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு முற்றத்து ஓரம் உட்கார்ந்து அனுப்புகிறேன். (9 படங்கள்)

ராத்தா (அக்கா): வஅலைக்கும் ஸலாம். மாஷா அல்லாஹ்! மூத்தம்மாவுக்கு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டுகிறேன்.

காக்கா (அண்ணன்): இது பள்ளியா, கோட்டையா? வெளி மதிலுக்கு இத்தனை முட்டுச் சுவர்கள் எதற்கு?

நான்: ஊரே படைப் பாளையமாகத் தொடங்கியதுதான், காக்கா. 670இல் அரபுத் தளபதி உக்பா இப்னு நாஃபிஉ இங்கே படையை இறக்கி முதல் பள்ளியைக் கட்டினார். இன்று நிற்பதில் பெரும்பகுதி இங்கே ஆண்ட அக்லபி வம்சத்து அமீர் ஸியாதத்துல்லாஹ் 836இல் எடுத்துக் கட்டியது. பாங்கு சொல்லும் கோபுரத்தை, மினாராவை, பாருங்கள். ஊசி போல மெலியவில்லை. சதுரமாக மூன்று அடுக்கு, 31 மீட்டருக்குச் சற்று மேல். அடிச்சுவரில் ரோமர் காலத்துக் கல்லைத் தூக்கி வைத்திருக்கிறார்கள், லத்தீன் எழுத்து அழியாமல் இருக்கிறது.

ராத்தா: உள்ளே தூண்களும் ஒரு சோடி போல இல்லையே. ஒன்று வெள்ளை, ஒன்று செம்மை.

நான்: 400க்கு மேற்பட்ட தூண்கள். கார்த்தேஜ் போன்ற பழைய நகரங்களின் இடிபாட்டிலிருந்து கொண்டுவந்தவை. உயரம் ஒத்துவருமா? அதனால் தூணின் தலைக்கும் வளைவுக்கும் இடையே கட்டை கொடுத்து மட்டம் பிடித்திருக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் வளைவுகள் எல்லாம் ஒரே வரிசையில் ஓடுகின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமா: ஐந்தாவது படத்தில் இருக்கும் பிரசங்க மேடை, அந்த மிம்பர், என்ன மரம்? தேக்கு மாதிரி இருக்கிறது.

நான்: தேக்கேதான் மாமா! இந்தியத் தேக்கு. 9ஆம் நூற்றாண்டு மிம்பர். உலகில் இன்று எஞ்சியிருக்கும் மிம்பர்களில் மிகப் பழையது இதுதான். செதுக்கிய பலகைகள் 300க்கு மேல்.

மாமா: நாற்பது வருடம் உளி பிடித்தவன் சொல்கிறேன், அந்தக் கொடி வேலையைப் பார். அடுத்தடுத்த இரண்டு பலகையில் ஒரே கோலம் இல்லை. அச்சு வைத்து வெட்டியவன் இப்படிச் செய்ய மாட்டான். நம் பக்கத்துக் கடல் தாண்டிப் போன மரம், ஆயிரம் வருடத்துக்கு மேல் நிற்கிறது. சுப்ஹானல்லாஹ்.

காக்கா: முற்றத்தின் நடுவில் அது என்ன, உடைந்த ஹவுள் தொட்டியா?

நான்: அதைச் சொல்லத்தான் எழுத வந்தேன். உடைந்தது அல்ல. இங்கே வற்றாமல் ஓடும் ஆறு கிடையாது, கடலும் தூரம். முற்றத் தரை முழுவதும் நடுவை நோக்கி மெல்லச் சாய்கிறது. மழை நீர் அந்தக் கல் தொட்டிக்குள் படிப்படியாக இறங்கும். இறங்கும்போது வேகம் குறையும், தூசியும் மணலும் படியிலேயே தங்கிவிடும். தெளிந்த நீர் மட்டும் தரைக்குக் கீழே உள்ள நிலத்தொட்டிக்குப் போகும். அங்கிருந்து கிணற்று வாய் வழியாக அள்ளி, தொழுகைக்கு முன் கை கால் கழுவி வுளூச் செய்தார்கள். எட்டாவது படம் அந்தக் கிணற்று வாய். பழைய தூணின் அடிக்கல்லைக் குடைந்து செய்தது. விளிம்பில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளங்கள் தெரிகின்றனவா? கயிறு இழுத்து இழுத்துப் பளிங்கு தேய்ந்த தடம்.

ராத்தா: மூத்தம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: “நம் தெருப் பள்ளிக் கிணற்றிலும் இதே தழும்பு உண்டு. குழாய் வராத காலத்தில், கச்சான் காற்று வீசும் வறட்சியில் வீட்டுக் கிணறுகள் வற்றினால் தெருவே அதில்தான் அள்ளியது. நானும் இழுத்திருக்கிறேன்.”

நான்: அந்தக் கிணற்றைத்தானே மூடிச் சீமெந்து போடப் போகிறார்கள்? போன வாரம் காக்கா எழுதியதிலிருந்து மனம் ஆறவில்லை.

காக்கா: பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்ற பயம், தம்பி. வாகனம் நிறுத்தவும் இடம் வேண்டுமாம். பயம் நியாயமானதுதான்.

நான்: நியாயம்தான். அதற்கு இரும்பு வலை போடலாமே, காக்கா? மாரியில் கூரைத் தண்ணீர் எல்லாம் வீதிக்கு ஓடி வீணாகிறது. கூரை ஓரம் ஒரு பீலி வைத்து, சல்லியும் மணலும் நிரப்பிய தொட்டி வழியாகக் கிணற்றுக்குள் விட்டால் ஊற்று வற்றாமல் இருக்கும். இங்கே பல நூற்றாண்டுகளுக்கு முன்பே முற்றத்தையே தண்ணீருக்காகச் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். நாம் இருப்பதையும் மூடினால் பிறகு யார் தோண்டுவது?

மாமா: வலைக்கு மரச்சட்டம் நான் அடித்துத் தருகிறேன், கூலி வேண்டாம். நாளை காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நிர்வாகத்தாரிடம் பேசுகிறேன். எட்டாவது படத்தை மட்டும் தெளிவாக அனுப்பு, பெரிதாக அச்செடுக்க வேண்டும்.

காக்கா: நானும் வருகிறேன், மாமா.

நான்: (படம்) இன்னும் கிட்டப் போய் எடுத்தது.

ராத்தா: மூத்தம்மா கேட்கிறா, “அவர்கள் என்ன கயிற்றால் இழுத்தார்கள்? நம்முடையது தும்புக் கயிறு, கை காய்த்துப்போகும்.”

நான்: மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் முஅத்தின் வருவார். கேட்டு எழுதுகிறேன், மூத்தம்மா.