இந்தோனேசிய ஆளுமைத் தேர்வுத் தரவு: அளவீட்டுச் சமத்தன்மை பார்க்க உதவி வேண்டும்

வணக்கம். உளவியல் அளவீடு தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். யோக்யகர்த்தாவில் கல்லூரி மாணவர்களிடமும் ஆலைத் தொழிலாளர்களிடமும் ஆளுமையை ஐந்து பண்புகளாக அளக்கும் பிக் ஃபைவ் படிவத்தின் இந்தோனேசிய வடிவத்தை நிரப்பி வாங்கியிருக்கிறோம், மொத்தம் 50 கேள்வி, பண்புக்கு 10, கஜா மாடா பல்கலைக்கழக உளவியல் இதழில் 2019இல் வந்ததே அதுதான். பண்புக்கு எதிர்த்திசையில் கேட்கும் எதிர்மறைக் கேள்விகளில்தான் சிக்கல். மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்ட பிறகும் தொழிலாளர் தரவில் அவை மட்டும் தனிக் காரணியாக, அதாவது தங்களுக்குள் சேர்ந்து மாறும் ஒரு தனிக் கொத்தாக, பிரிந்து நிற்கின்றன, மாணவர்களிடம் அப்படி இல்லை.

இந்த நிலையில் இரு குழுக்களின் சராசரியையும் நேரடியாக ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை. தொழிலாளர்களுக்குப் பொறுப்புணர்வு குறைவு என்று எழுதிவிட்டால் நாளைக்கு ஆளெடுப்பவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் லாவான் என்ற தொகுப்பை வைத்து அளவீட்டுச் சமத்தன்மை, அதாவது படிவம் இரு குழுவிலும் ஒரே விஷயத்தை ஒரே மாதிரி அளக்கிறதா என்று, சோதித்தவர்கள் இருக்கிறீர்களா? ஐந்து புள்ளிப் பதில்களை வரிசைத் தரவாகவே (புள்ளிகளுக்கு இடையே சம இடைவெளி என்று கொள்ளாமல்) எடுக்கலாமா, அப்புறம் எதிர்மறைக் கேள்விகளுக்குத் தனியாக ஒரு முறைக்காரணி (கேள்வி கேட்ட விதத்தால் வரும் மாறுபாட்டைப் பிரித்துக் காட்டும் காரணி) சேர்ப்பது சரியா?