பக்கத்து மனையில் மண் வெட்டுறாங்க: உங்க அனுபவம் என்ன?

சீகைமரம்

குன்னூர், கோத்தகிரி ரோட்டுப் பக்கம், 18 வீடு உள்ள அபார்ட்மென்ட். பக்கத்துல இருந்த டீயைப் போன டிசம்பர்லயே பிடுங்கியாச்சு. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். தகரம் அடைச்சாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஜேசிபி, ஹெட்லைட்டை அணைச்சுட்டு ஒத்தை பல்பு வெளிச்சத்துல வேலை. அனுமதி இருக்கான்னு கேட்டா ஒரு பேப்பரை நீட்டுவாங்க, படிக்கறதுக்குள்ள மடிச்சுடுவாங்க. அதை விடுங்க.

மார்ச்ல எங்க பார்க்கிங் தரையில விரிசல். தகரத்துக்கு இணையா இருபது அடி ஓடுது. வழக்கமா வர்ற கொத்தனார் ஒரு வேலை சொல்லிக் கொடுத்தார். ஜன்னல் கண்ணாடியில விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, விரிசலுக்குக் குறுக்கே வச்சு, ரெண்டு முனையிலயும் சிமென்ட் வச்சு ஒட்டணும். பக்கத்துல தேதி எழுதணும். மண் நகர்ந்தா கண்ணாடி தாங்காது, உடைஞ்சுடும். மூணு இடத்துல ஒட்டினேன். தினமும் காலையில பால் வாங்கப் போறப்போ குனிஞ்சு பார்ப்பேன். மத்த வீட்டுக்காரங்க சிரிச்சாங்க.

ஏப்ரல் 9, நடுத்துண்டு உடைஞ்சிருந்தது. நேர்க்கோடா, அறுத்த மாதிரி.

அதைப் பெயர்த்தெடுத்துக் கைக்குட்டையில சுத்திக்கிட்டு நேரா சைட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். ஜேசிபி ஆபரேட்டர், அம்பது வயசிருக்கும், பக்கெட் மேல உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுக்கிட்டிருந்தார். கையைக் கழுவிட்டு கண்ணாடியை வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தார். "நல்லா ஒட்டியிருக்கீங்க சார்"ன்னார். அப்புறம் எங்க கட்டடத்தைக் காட்டி, "2008-ல இந்த மேட்டை வெட்டினதும் நான்தானுங்க. அடுத்த வருசம் நவம்பர் மழையில கீழ லைன் வீட்டுல இருக்கற தோட்டத் தொழிலாளிங்க மூணு ராத்திரி ஸ்கூல்ல போய்ப் படுத்தாங்க. இந்த மண்ணு எந்நேரம் வருமோன்னு" அப்படின்னார்.

2009 மழை இங்க யாருக்கும் மறக்காது. கேத்தியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர். மாவட்டம் முழுக்க நாப்பது பேருக்கு மேல செத்தாங்க. நான் 2011-ல வந்தவன். வீடு வாங்கறப்போ "2009-லயே அசையாத கட்டடம் சார்"ன்னு சொல்லித்தான் வித்தாங்க. கீழே ஆள் இருந்தாங்கன்னு யாரும் சொல்லல. நானும் கேட்கல.

ஒண்ணும் பேசாம வந்துட்டேன். இப்படி வாயடைச்சுத் திரும்பினவங்க வேற யாராவது உண்டா?

கொடைக்காரி

கொடைக்கானல். எதிர்ச்சரிவுல ரிசார்ட் மாதிரி ஏதோ வருது. ரிசார்ட்டுன்னு சொல்ல மாட்டாங்க, "வீடு"ன்னுதான் சொல்றாங்க. பதினாறு பாத்ரூம் உள்ள வீடு.

அசோசியேஷன் கூட்டத்துல ஒன்றரை மணி நேரம் பேசினதெல்லாம் பள்ளத்தாக்கு தெரியாமப் போயிடும், ரேட் விழுந்துடும், இதுதான். அதையே மனுவுல எழுத முடியாதில்லையா? நான் ரிட்டயர்டு தமிழ் டீச்சர், கையெழுத்து நல்லாயிருக்கும்னு பேனாவை என் கையில கொடுத்துட்டாங்க. தலைவர் பக்கத்துல நின்னு விரலால காட்டிச் சொல்றார்: "இங்க சோலைக்காடுன்னு போடுங்க மேடம். இங்க காட்டுமாடுகளின் வழித்தடம்னு போடுங்க." போட்டேன். 'வழித்தடம்' வார்த்தைக்கு அடியில கோடும் போட்டேன்.

மூணு வருஷத்துக்கு முன்னால, ஜெரேனியத்தைத் தின்னுடுதுன்னு அதே காட்டுமாடு வராம இருக்க எங்க பக்கம் முழுக்க வேலி போட்டது நாங்கதான். அந்த பில்லுக்கும் செயலாளரா கையெழுத்து போட்டது நான். மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தாங்க. ரசீது நம்பர் என் போன்லதான் இருக்கு.

பச்சைத்தேயிலை

ரெண்டு பேர் எழுதினதையும் படிச்சேன். வருத்தப்படறீங்க, சரி. அந்த டீயை யார் வித்தாங்கன்னு ஒருத்தராவது யோசிச்சீங்களா? "டீயைப் பிடுங்கியாச்சு"ன்னு ஒரு வரியில போறீங்க.

நான் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, படுகர் கிராமம். பச்சைத் தேயிலை கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டு 2023-ல எங்க ஆளுங்க உண்ணாவிரதம் உட்கார்ந்தாங்களே, அது உங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல வந்துச்சா? பறிகூலி, உரம், லாரி வாடகை எல்லாம் போக கையில ஒண்ணும் நிக்காது. எங்க அப்பா ஒண்ணே கால் ஏக்கர் வித்தார். பத்திரம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு, கவாத்து மாசம் வந்துடுச்சுன்னு காலையில கத்தியைத் தீட்டிக்கிட்டு அங்கேயே போய் நின்னுட்டார். பழக்கம். புது வாட்ச்மேன், "யாருங்க நீங்க, என்ன வேணும்?"னு கேட்டிருக்கான். அப்பா "தண்ணி கிடைக்குமா"ன்னு கேட்டுக் குடிச்சுட்டு வந்துட்டார். அந்தக் கத்தியை அப்புறம் அவர் எடுக்கவே இல்லை.

சனி ஞாயிறு மட்டும் கோயம்புத்தூர்லயிருந்து வந்து பால்கனியில உட்கார்றவங்களுக்கு அது வியூ. எங்களுக்கு அது ரேஷன் கார்டு மாதிரி.

அருவங்காட்டான்

பச்சைத்தேயிலை தம்பி, எல்லாரையும் சனி ஞாயிறு கணக்குல சேர்க்காதே. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில 31 வருஷம் வேலை பார்த்தவன் நான். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். பிஎஃப் காசுல தனி வீடு கட்ட முடியுமா? ரெண்டு பெட்ரூம் வாங்கினேன். அதுல என்ன தப்பு?

என் கதை சின்னது. எங்க ஏரியாவுக்கு முனிசிபாலிட்டி தண்ணி பத்து நாளைக்கு ஒரு தடவை. ரேலியா அணையில மட்டம் இறங்கினா பன்னெண்டு, பதினஞ்சு நாளும் ஆகும். பின்னால கட்டற கட்டடத்துக்கு மட்டும் தினம் ரெண்டு டேங்கர். காங்கிரீட்டுக்குத் தண்ணி விடறான், ஓஸ்ல, காலையும் சாயங்காலமும். தண்ணி எங்க சுவர் ஓரமா வழிஞ்சு ரோட்டுக்குப் போகுது. பதிமூணாவது நாள் கேட்கப் போனவன், கேட்கறதுக்குப் பதிலா பக்கெட்டை நீட்டிட்டேன். பையன் ஜார்கண்டோ என்னவோ, தமிழ் வராது, சிரிச்சுக்கிட்டே நிரப்பிக் கொடுத்தான். மறுநாள் ரெண்டு பக்கெட் எடுத்துக்கிட்டுப் போனேன்.

இப்போ எங்க அசோசியேஷன் புகார் கொடுக்குது. நான் கையெழுத்து போடல. காரணம் யாருக்கும் சொல்லல.

ஓவர்சியர்68

1993 நவம்பர், குன்னூர் மலைப்பாதை, மரப்பாலம் நிலச்சரிவு. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ரோடு இருந்த இடத்துல ரோடு இல்லை. நாங்க எந்த இடத்துல நிக்கறோம்னு தெரிஞ்சுக்க மைல்கல்லைத் தேடினோம், அதுவும் இல்லை. அவ்வளவுதான் என் கதை.

சீகைமரம் தம்பிக்குச் சில விஷயம். கண்ணாடி உடைஞ்சா உடனே அதே இடத்துல புதுசு ஒட்டணும், பெயர்த்தெடுத்துக்கிட்டுப் போயிருக்கக் கூடாது. அது சாட்சி. உடைஞ்சதை அங்கேயே வச்சு, பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ எடுக்கணும். மலையில ஜேசிபி இறக்க கலெக்டர் அனுமதி வேணும், அது இருக்கான்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள்ல பதில் சொல்லணும். கட்டட உயரம் ஏழு மீட்டருக்கு மேல போகக் கூடாது. சரிவுல கட்டறவன் கீழ்ப்பக்கம் அளந்தா ஒரு கணக்கு, மேல்பக்கம் அளந்தா ஒரு கணக்கு காட்டுவான், எங்கேயிருந்து அளந்தான்னு கேளுங்க. ஹாக்கா, அதாவது மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தோட கிராமப் பட்டியல்ல உங்க இடம் வருதான்னு பாருங்க.

அடுத்து தடுப்புச்சுவர். கருங்கல்லோ காங்கிரீட்டோ, சுவர்ல தண்ணி வெளியேற ஓட்டை இருக்கணும், ஓட்டைக்குப் பின்னால ஜல்லி போட்டிருக்கணும். ஓட்டை மட்டும் விட்டுட்டுப் பின்னால வெறும் மண்ணை அடைச்சா ஒரே மழையில அடைச்சுக்கும். ஊறின மண்ணு கனம் ஏறிச் சுவரைத் தள்ளும். மழைக்காலத்துல எந்த ஓட்டையிலயும் தண்ணி வரலைன்னா சந்தோஷப்படாதீங்க, அப்பத்தான் பயப்படணும். உங்க மொட்டைமாடித் தண்ணி எங்க போகுதுன்னும் பாருங்க, பாதி அபார்ட்மென்ட்ல பைப்பை நேரா சரிவுல விட்டிருப்பாங்க. சுவருக்கு அஸ்திவாரம் தோண்டறப்போ ஒரே மூச்சுல முழு நீளமும் தோண்டக் கூடாது, துண்டு துண்டாத் தோண்டணும். 2024 பிப்ரவரியில ஊட்டி பக்கம் லவ்டேல்ல மண் தோண்டற இடத்துல ஆறு பெண்கள் செத்துப்போனாங்க. கூலிக்கு வந்தவங்க. கீழே நிக்கறது யாருன்னு பார்த்து வேலை வாங்கணும். திங்கட்கிழமை குறைதீர் நாள்ல மனு கொடுங்க, ரெண்டு காப்பி எடுத்துக்கிட்டுப் போங்க, சீல் இல்லாம வெளியே வராதீங்க.

பச்சைத்தேயிலை

ஓவர்சியர் ஐயா, சர்வீஸ்ல இருந்தப்போ இதெல்லாம் எத்தனை பேரைக் கேட்டீங்க?

ஓவர்சியர்68

நாலு பேரைக் கேட்டேன். ரெண்டு டிரான்ஸ்ஃபர்.

சீகைமரம்

ஓவர்சியர் சார், நான் யோசனை கேட்கல. இருந்தாலும் புதுக்கண்ணாடி ஒட்டிட்டேன், ஸ்கேல் வச்சு போட்டோவும் எடுத்தேன். எங்க மொட்டைமாடி பைப்பையும் பார்த்தேன். நேரா சரிவுலதான் விட்டிருக்கு. பதினஞ்சு வருஷமா.

பச்சைத்தேயிலை, அந்த டீ யாருதுன்னு விசாரிச்சேன். பெரியவர் போயிட்டார், மகன்கள் திருப்பூர்ல.

நேத்து ராத்திரி நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன். ஒன்பது மணிக்கு மழை பிடிச்சுது, கோடை மழைதான், ஆனா பலமா. பத்தரைக்கு போன். ஆபரேட்டர். அன்னைக்கு நம்பர் கொடுத்ததே மறந்துபோச்சு. "சார், ஓரமா நிக்கிற வண்டியையெல்லாம் எடுத்துடச் சொல்லுங்க, தார்ப்பாய் போட்டுக்கிட்டிருக்கோம், ஆள் பத்தல"ன்னார். என் வண்டியை எடுத்துட்டு, ஒவ்வொரு வீடாப் போய் பெல் அடிச்சேன். ஒன்பது வீடு பூட்டியிருந்தது. கீழே இறங்கிப் பார்த்தா மூணு பேர், காத்துல தார்ப்பாய் பறக்குது, ஒரு முனையைப் பிடிக்க ஆளில்லை. பிடிச்சேன். வெட்டின மேட்டுக்கு அடியில நின்னு எங்க கட்டடத்தை அண்ணாந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. லைன் வீட்டு ஜன்னல்ல ஒரு அம்மா நின்னு எங்களையே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

காலையில கண்ணாடி மூணும் முழுசா இருக்கு. இன்னைக்கும் மழைன்னு சொல்றாங்க.