மாத்திரை போட்டாச்சா? முதுமையில் வரும் பொய் நினைவு பற்றி

மெத்தை, தலையணை, கனவு, கொட்டாவி, குறட்டை, போர்வை, பாய், இரவு, களைப்பு, விழிப்பு, ஓய்வு, தாலாட்டு. இந்த 12 சொல்லையும் வீட்டில் ஒருவருக்கு இரண்டு வினாடிக்கு ஒன்றாக வாசித்துக் காட்டுங்கள். பிறகு 2 நிமிடம் வேறு பேச்சு கொடுங்கள். அதற்கப்புறம் கேளுங்கள்: பாய் இருந்ததா, கத்தரிக்காய் இருந்ததா, தூக்கம் இருந்ததா? 'தூக்கம்' பட்டியலிலேயே இல்லை. இருந்தது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். இதுதான் பொய் நினைவு. உளவியலாளர் டீஸ் 1959-இல் செய்ததை, ரோடிகர், மெக்டெர்மாட் என்ற உளவியலாளர்கள் 1995-இல் விரித்துச் செய்த சோதனை இது. அவர்களிடம் ஏமாந்தது கல்லூரி மாணவர்கள்! ஆக, இது வயதானவர்களுக்கு மட்டும் வரும் கோளாறு அல்ல. அதே பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசித்துக் கேட்டால்தான் வயது தெரியும். இளையவர்கள் பிழையைக் கழித்துவிடுவார்கள். முதியவர்களிடம் அது ஒட்டிக்கொள்கிறது. சாரம் தங்குகிறது, நுணுக்கம் கரைகிறது. சொல்லோடு படத்தையும் காட்டினால் முதியவர்களிடமும் பிழை குறையும்.

—

இதோடு ஊகத்தையும் சேர்க்க வேண்டும். 'கராத்தே வீரர் செங்கல்லை அடித்தார்' என்று படித்தவர், பிறகு 'உடைத்தார்' என்று படித்ததாகவே நினைப்பார். வீட்டில் இது மாத்திரையில் வருகிறது. காபி குடித்தது நினைவிருக்கும், காபிக்குப் பின் மாத்திரை போடுவது வழக்கம், ஆகவே 'போட்டாச்சு'. தயவுசெய்து இதைப் பொய் என்று திட்டாதீர்கள். அவருக்கு அது உண்மையான நினைவு.

நாளுக்கு ஓர் அறையாக மாத்திரை போட்டுவைக்கும் ஏழு நாள் பெட்டி வாங்குங்கள். வாரத்தில் ஒரே நாளில், ஒரே ஆள் நிரப்ப வேண்டும். நடுவில் இன்னொருவர் காலி அறையை நிரப்பினால் பெட்டியும் தப்பாகச் சொல்லும். 'போட்டீங்களா?' என்று கேட்காமல் மூடியைத் திறந்து பாருங்கள். சந்தேகம் என்றால் தாமாக இன்னொரு தடவை கொடுக்கக் கூடாது, முக்கியமாக இன்சுலினும் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தும். மருத்துவரிடம் கேளுங்கள்.

—

'கஷாயம் குடித்தால் சர்க்கரை போய்விடும் என்பது பொய்' என்று அப்பாவிடம் பத்து தடவை சொல்பவர்கள் கவனிக்க. 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பொய் என்று மூன்று முறை சொல்லப்பட்ட செய்திகளை, முதியவர்கள் மூன்று நாள் கழித்து உண்மை என்று சொல்வது கூடியிருந்தது. எங்கோ கேட்டோம் என்ற உணர்வு தங்கிவிடுகிறது, 'பொய்' என்ற ஒட்டு உதிர்ந்துவிடுகிறது. செய்ய வேண்டியதை மட்டும் சொல்லுங்கள்: 'மாத்திரையைத் தினமும் போடணும்ப்பா.'

—

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் மெல்ல வருவது. ஓரிரு நாளில் திடீரென்று ஆள், இடம் குழம்பினால் வயதின் மேல் பழி போடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். போட்டுவரும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.