முடியாத தொடரின் முதல் பாகத்தைத் தொடலாமா?

நெப்டியூன்:
ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற புனைபெயரில் இருவர் சேர்ந்து எழுதும் புதிய அறிவியல் புனைகதைத் தொடரின் முதல் நாவல் 'தி மெர்சி ஆஃப் காட்ஸ்' 2024இல் வந்தது. மொத்தம் மூன்று பாகங்கள் என்று அறிவித்திருக்கிறார்கள். வேற்றுலகினர் ஒரு கிரகத்தையே வென்று, அதன் ஆய்வாளர்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோகிறார்கள். அங்கே அவர்கள் தலையில் விழும் வேலையைக் கேளுங்கள்: ஓர் உலகத்தில் விளையும் பழத்தை, முற்றிலும் வேறோர் உலகத்து உயிரினம் தின்று செரிக்கும்படி மாற்றிக் காட்ட வேண்டும். பயன்படாதவர்களுக்கு உயிர் நிச்சயமில்லை. அதே புதிரோடு போட்டிக்கு இன்னோர் இனமும் நிற்கிறது. உயிர்வேதியியலை வைத்து இவ்வளவு பதற்றத்தை உண்டாக்க முடியுமா என்று வியந்துபோனேன். கடைசிப் பாகம் வரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் முதல் பாகத்தை உடனே தொடங்கிவிடுங்கள்.

மைக்கூடு:
தொடங்காதீர்கள். கடைசிப் பாகம் அச்சேறும்வரை எந்தத் தொடரின் முதல் பாகத்தையும் நான் தொடுவதில்லை. அதனால் நிம்மதியாக இருக்கிறேன். வெர்னர் விஞ்சியைப் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'எ ஃபயர் அப்பான் தி டீப்' 1992இல் வந்தது. அதன் கதையை நேராகத் தொடரும் நாவல் வந்தது 2011இல். அதுவும், விண்வெளியில் நெருங்கிக்கொண்டிருக்கும் பேராபத்தை அப்படியே விட்டுவிட்டு முடிந்தது. 2024இல் ஆசிரியரும் காலமானார். அந்த ஆபத்து வந்து சேர்ந்ததா இல்லையா என்று இனி யாரிடம் போய்க் கேட்பது?

கூழாங்கல்:
மைக்கூடு, நல்ல நாவலைத் தவறான காரணத்துக்குச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள். அந்த 1992 நாவலில் நாய் போன்ற உயிர்கள் வருகின்றன. ஒன்றைத் தனியே பிரித்தால் அதற்குப் பெரிய அறிவு கிடையாது. நான்கைந்து சேர்ந்தால்தான் ஓர் ஆள், ஒரு பெயர், ஒரு மனம். எண்ணங்கள் அவற்றுக்கிடையே ஒலியாகப் போய்வருவதால், வேறொரு கூட்டம் மிக அருகில் வந்துவிட்டால் இருவர் சிந்தனையும் கலங்கிவிடும். கூட்டத்தில் ஒன்று செத்தால் அந்த 'ஆள்' சாவதில்லை, குணம் மாறிய வேறொருவராக மிஞ்சுகிறார். 'நான்' என்பதை இப்படிப் பிரித்துப் போட்டுக் காட்டிய நாவல் எத்தனை இருக்கிறது? தவிர, அதில் மூளும் போர் அதிலேயே முடிந்தும் விடுகிறது. பின்னால் வந்த பாகம் முடிவைத் தரவில்லை என்பதற்காக, முன்னால் வந்ததை ஏன் பட்டினி போட வேண்டும்?

மைக்கூடு:
கற்பனையை நான் குறை சொல்லவில்லை, கூழாங்கல். வாசகனைப் பாதி வழியில் இறக்கிவிடுவதைத்தான் சொல்கிறேன். 1989இல் வந்த 'ஹைபீரியன்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். யாத்திரிகர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்லி முடிக்கிறார்கள், கல்லறைகளை நோக்கி நடக்கிறார்கள், புத்தகம் முடிந்துவிட்டது! அடுத்த ஆண்டே தொடர்ச்சி வந்ததால் அன்றைய வாசகர்கள் தப்பித்தார்கள். ஆக்டேவியா பட்லர் விஷயத்தில் அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 1993இலும் 1998இலும் இரண்டு 'பாரபிள்' நாவல்கள் வந்தன. மூன்றாவதற்கு எத்தனையோ தொடக்கங்களை எழுதி எழுதிக் கைவிட்டார். 2006இல் மறைந்தார். அவரை நொந்துகொள்ள எனக்கு மனம் வராது. ஆனால் அந்த மூன்றாவது நாவலுக்கான ஏக்கம் வாசகனிடம்தானே தங்கிவிட்டது?

நெப்டியூன்:
எல்லோரும் உங்களைப் போலவே இருந்தால் மூன்றாம் பாகம் என்று ஒன்று இருக்கவே இருக்காது, ஐயா. முதல் பாகம் எப்படி விற்றது என்று பார்த்துத்தான் பதிப்பகங்கள் ஒரு எழுத்தாளரின் அடுத்த நூல்களைப் பற்றி முடிவெடுக்கின்றன. முன்பதிவுக்கு அவ்வளவு மதிப்பு இருப்பதும் அதனால்தான். நீங்கள் அனுபவிக்கும் நிம்மதிக்கு முன்பணம் கட்டிக்கொண்டிருப்பது எங்களைப் போன்ற அவசரக்காரர்கள்!

மைக்கூடு:
நான் வாசகன், முதலீட்டாளன் அல்ல.

தூரதரிசி:
இரண்டு பக்கமும் காத்திருப்பதை ஒரு தண்டனை போலப் பேசுகிறீர்கள். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் வாரவாரம் வந்தபோது, அடுத்த வாரம் அதில் வரும் இயந்திர நாய் ஜீனோ என்ன சொல்லப்போகிறது என்று காத்திருந்தவர்களைக் கேளுங்கள். ஒரே மூச்சில் நூலாகப் படித்த நமக்கு அந்தச் சுகம் கிடைக்கவில்லை. இன்னொன்று: சில காத்திருப்புகள் எழுத்தாளரால் வருவதே இல்லை. லியு சிசினின் 'த்ரீ பாடி' வரிசை சீன மொழியில் 2010இலேயே முடிந்துவிட்டது. ஆங்கிலத்தில் முதல் பாகம் 2014இல், கடைசிப் பாகம் 2016இல். மைக்கூடு சொல்லும் விதிப்படி ஆங்கில வாசகர் முதல் பாகத்தை எப்போது தொடலாம், 2014இலா, 2016இலா?

மைக்கூட்டுக்கு என் பரிந்துரை அர்சுலா லெ குவின். 1969இல் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்', 1974இல் 'தி டிஸ்பொசெஸ்ட்'. இரண்டும் ஒரே பிரபஞ்சத்தில் நடப்பவை, ஆனால் எதை முதலில் படித்தாலும் குறையில்லை. டெட் சியாங் என்றால் இன்னும் வசதி, சிறுகதைகளும் குறுநாவல்களும் மட்டும்தான். 2002இலும் 2019இலும் வந்த இரண்டே தொகுப்புகள். தொங்கலில் நிற்கும் வாக்கியம் ஒன்றுகூடக் கிடையாது.

மைக்கூடு:
விதியைச் சொல்லிவிடுகிறேன்: மூல மொழியில் முடிந்திருந்தால் போதும், 2014இலேயே தொடலாம். லெ குவினைப் படித்திருக்கிறேன். ஒரே பிரபஞ்சத்தை வைத்துக்கொண்டு வாசகனைக் கட்டிப்போடாமல் எழுத முடியும் என்பதற்கு அவரே ஆதாரம். மற்றவர்கள் ஏன் அப்படி எழுதுவதில்லை என்பதுதான் என் கேள்வி. சியாங்கைக் குறித்துக்கொண்டேன்.

கூழாங்கல்:
எழுதுகிறார்களே! ஏட்ரியன் சைக்கோவ்ஸ்கியின் 'சில்ட்ரன் ஆஃப் டைம்', 2015. மறு ஆண்டு ஆர்தர் சி. கிளார்க் விருது பெற்றது. மனிதர்கள் செய்த ஒரு வைரஸால் சிலந்திகள் தலைமுறை தலைமுறையாக அறிவு பெற்று ஒரு நாகரிகத்தையே கட்டி எழுப்புகின்றன. உலோகமும் மின்சாரமுமாகக் கணினி செய்யாமல், எறும்புப் புற்றுகளுக்கு வாசனையால் ஆணையிட்டுக் கணக்குப் போட வைக்கின்றன. முதல் நாவல் தன்னளவில் முழுமையாக முடிகிறது. அடுத்தது 2019இல்தான் வந்தது. நெப்டியூன், அடுத்த பாகம் வரும்வரை உங்களுக்கும் இதுவே சரியான துணை.

நெப்டியூன்:
எறும்புக் கணினி என்ற ஒன்றுக்காகவே எடுக்கிறேன். இன்றே தொடங்குகிறேன்.

மைக்கூடு:
மொத்தம் எத்தனை பாகம் என்று நீங்கள் சொல்லவில்லையே, கூழாங்கல்?

கூழாங்கல்:
மூன்றாவது 2022இல் வந்தது. அவர் நிறுத்துகிற ஆள் இல்லை.

மைக்கூடு:
அப்படியானால் நிறுத்தியபிறகு சொல்லுங்கள்.